நான் கொன்ற மூன்று ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன். மூவரும் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள். அதில் இரண்டு பேர், முதல் ஆளைத் தூக்கிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள். பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தேன். செய்துவிட்டு "அடுத்தவன் யாரு?" என்று வேறு கேட்டேன். போலீஸ் வரவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள்.

(பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டால் உங்களுக்கே என்மேல் இரக்கம் வரும். செத்தவர்கள்மீதும் கொஞ்சம் வரும்.)

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நைனா சவரிமுத்துவுக்குத் துறைமுகத்தில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் நடுக்கடலில் சரியாமலிருக்க இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவதும், கரைக்கு வந்ததும் அவிழ்ப்பதும்தான் அந்த வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்திருந்தார். அந்த வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும், உட்காருவதற்கு முன் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். கல்யாண மண்டபம், பல் டாக்டரின் நாற்காலி, கோயில் பெஞ்சு, எதுவானாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மேலே இருந்தது ஒரே ஒரு ஃபேன். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றுத் தட்டைத் தொடுவார். நானும் தினமும், "ஃபேனு அங்கியே தான் கீது நைனா, துன்னு" என்பேன். அவரும் தினமும் சிரிப்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கும் உயர் பதவியில் இருந்தேன். நைனாவின் வலது தோள்பட்டை கெட்டுப்போயிருந்தது. அவர் தூக்கும் கம்பி ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளை கனம் இருக்கும். டாக்டர் அந்த வேலையை விடச் சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்த மறுநாள் விட்டுவிடுகிறேன் என்று நைனா டாக்டரிடமே சொல்லியிருந்தார். ஸ்டெல்லா என்பது நான்தான். ஆகவே அந்தத் தோள்பட்டை என் பொறுப்பில் இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நங்கூரன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அம்மாவின் தம்பி கப்பலில் சமையல்காரர். ஊர் திரும்பும்போதெல்லாம் சென்ட் பாட்டில், சாக்லேட் என்று எதையாவது கொண்டுவருவார். அந்த முறை கூட வேலை செய்த ஒரு தோஸ்து கழித்துவிட்ட பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஒரே ஒரு கேம். 'நங்கூரன்' என்று தமிழில் டப் செய்யப்பட்டு டிவியில் அடிக்கடி ஓடிய இங்கிலீஷ் படத்தை வைத்துச் செய்தது. கடலில் மூழ்கி, நங்கூரத்தோடு எழுந்து வரும் ஒரு மாலுமிக்கு ஆயிரம் யானை பலம் வந்துவிடும். சங்கிலியைச் சுழற்றினால் நங்கூரம் எதையும் கவ்வித் தூக்கும். படத்தில் அவன் தங்கமான பையன். கெட்டவர்களைச் சங்கிலியில் கட்டிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

கேமைச் செய்தவர்களுக்கு இந்த நல்ல குணமெல்லாம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. கேமில் நங்கூரன் போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகமாட்டான். முதுகெலும்பை முறிப்பான். ஒருவனைத் தூக்கி இன்னொருவன் மேல் போடுவான். லாரியைத் தூக்கி ஐந்து பேர் மேல் போடுவான். டிவி கண்ணாடி முழுக்க ரத்தம் தெறித்து வழியும். முதல்முறை அம்மா கையில் துணியோடு வந்தே விட்டார். "படத்துல நல்ல புள்ளையா தானடி இருந்தான், யாரு இவன இப்டி கெடுத்தது?" என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேமில் பதினோரு கட்டங்கள். எனக்குப் பிடித்தது ஒன்பதாவது. அது ஒரு துறைமுகம். வில்லனின் அடியாட்கள் துறைமுகத் தொழிலாளர் வேஷத்தில், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு திரிவார்கள். நங்கூரன் கன்டெய்னரைச் சங்கிலியில் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டி அவர்களை அடித்துத் தள்ள வேண்டும். ஒருவன் விழுந்தால் பழிவாங்க இரண்டு பேர் ஓடி வருவார்கள். அவர்களையும் அடித்துவிட்டு, வலது கட்டைவிரல் பட்டனை அழுத்தினால் செத்தவர்களின் உயிர் எல்லாம் நம் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்தை நான் எத்தனை முறை ஆடினேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறை ஆள் விழும்போதும் "காலி. அடுத்தவன் யாரு?" என்பது என் வழக்கம்.

நைனா வேலை முடிந்து வந்து, தன் ஆரஞ்சுச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, ஃபேனைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்காருவார். திரையில் அதே நிறச் சட்டைக்காரர்களை நான் பறக்கவிட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் ஒருநாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கன்டெய்னரு ஷோக்கா ஆடுது" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கிரேன் ஆப்பரேட்டர் பயிற்சிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கம்பெனி அறிவித்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் சிமுலேட்டர் தேர்வு. நிஜக் கிரேனின் கேபின் மாதிரியே நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக், எதிரே பெரிய திரையில் பொம்மைத் துறைமுகம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த தெனாவட்டை இன்று நினைத்தாலும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மற்றவர்கள் கிரேன் பற்றிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க, நான் ஒன்பதாவது கட்டத்தில் பயிற்சி எடுத்தேன்.

அம்மா தன் பங்குக்குக் கோயில் ஆபீசில் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தார். எங்கள் கோயிலில் யார் எதற்காக வேண்டுகிறார்கள் என்பதைப் பூசை தொடங்கும் முன் ஃபாதர் மைக்கில் வாசிப்பார். பிறந்தநாள், ஆபரேஷன், இறந்தவர்களின் நினைவு நாள் என்று வாசித்துக்கொண்டே வந்து, "ஸ்டெல்லா கிரேன் தேர்வில் வெற்றி பெற" என்று நிறுத்தினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பாதிக் கோயில் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள்தான். நான் ஏற்கெனவே கிரேன் மேல் உட்கார்ந்திருப்பவள் போலப் புன்னகை செய்தேன்.

புதன்கிழமை தேர்வு. நைனா லீவு போட்டுவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில் கூடவே வந்தார். தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். உள்ளே ஆடுகிறவர் திரையில் என்ன தெரிகிறதோ அது அப்படியே வெளியேயும் தெரியும். மைக் வழியாகப் பேச்சும் கேட்கும். நைனா மேலே பார்த்துவிட்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். எனக்கு முன்னால் போன விம்கோ நகர்ப் பையன் இரண்டு கன்டெய்னரைக் கூட ஒழுங்காக இறக்காமல் வியர்த்து வெளியே வந்தான். அவனை நான் கருணையோடு பார்த்தேன். (கருணை. நான். அவனை.)

தேர்வாளர் காதர் சார், தண்டையார்பேட்டைக்காரர். பல வருடம் கிரேன் ஓட்டிவிட்டுச் சொல்லித்தரும் வேலைக்கு வந்தவர். மெதுவாகப் பேசுவார். முதல் கன்டெய்னரைத் தூக்கினேன். தொங்கும் சுமை ஆடாமல் கொண்டுபோவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டம். எனக்கோ ஆட்டம் என்பது அத்துப்படி. எந்தப் பக்கம் ஆடும், எப்போது திரும்பும் என்று விரலுக்கே தெரியும். பூ வைப்பது போல லாரி மேல் வைத்தேன். இரண்டாவதையும் அப்படியே வைத்தேன். காதர் சார் நாற்காலியை எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கம்மா கத்துக்கின?" என்று கேட்டார். "வூட்லயே சார்" என்றேன்.

மூன்றாவது கன்டெய்னர் பாதி வழியில் தொங்கும்போது, கீழே வலது ஓரத்திலிருந்து ஒரு பொம்மை மனிதன் நடந்து வந்தான். தேர்வே அதுதான். சுமைக்குக் கீழே ஆள் வந்தால் உடனே நிறுத்தி, ஹாரன் அடித்து, அவன் விலகும் வரை காத்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஆனால் அவன் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தான்.

மூளைக்குச் செய்தி போகும் முன்பே கை வேலையை முடித்துவிட்டது. இடது ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, ஆட்டம் கொடுத்து, முன்னால் தள்ளினேன். நாற்பதடி கன்டெய்னர் ஊஞ்சல் மாதிரி போய் அவனை அடித்தது. ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். சிமுலேட்டர் தன் கடமையைச் செய்தது. விபத்து என்று சைரன் ஒலித்து, ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆரஞ்சுச் சட்டைகள். ஒருவன் விழுந்தால் இரண்டு பேர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? திரும்பி வந்த ஆட்டத்திலேயே இருவரையும் சேர்த்து அடித்தேன். ஸ்ட்ரெச்சர் மட்டும் தனியாகப் போய் ஒரு லாரி மேல் விழுந்தது.

"காலி. அடுத்தவன் யாரு?" என்றேன். மைக்கில்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. உயிர்களைக் கணக்கில் சேர்க்க வலது கட்டைவிரல் பட்டனை அழுத்தினேன். அந்த இடத்தில் நிஜக் கிரேனில் இருப்பது, கன்டெய்னரைப் பிடித்திருக்கும் பூட்டைத் திறக்கும் பட்டன். சுமை தொங்கும்போது அது திறக்காது. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன். பிறகு காதர் சாரிடம் திரும்பி, புகார் சொல்லும் குரலில், "சார், இந்த பட்டன் வேல செய்யல" என்றேன்.

காதர் சார் எழுந்து மைக்கை அணைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். "உக்காரும்மா" என்றார், நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். அப்புறம், "வூட்ல எதுல கத்துக்கின?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைப் பார்த்து, "கை நல்ல கை. ஆறு மாசம் கழிச்சு வா, ரூல்ஸ் அதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாதம் என்றால் நைனாவின் தோளுக்கு இன்னும் ஆறு மாதம்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். விம்கோ நகர்ப் பையன் இப்போது என்னைக் கருணையோடு பார்த்தான். டிவியில் என் கைவண்ணம் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கீழே மூன்று ஆரஞ்சுச் சட்டைகள். அதற்கு நேர் எதிரே, இருபத்தாறு வருடம் அதே சட்டையைப் போட்ட மனிதர், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டை யாருடையது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அந்த மாதிரி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

விம்கோ நகர் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. நைனா ரயிலில் ஏறி, மேலே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு ஸ்டேஷன் போன பிறகு கேட்டார்.

"மொத ஆளு மேல பாத்தானா?"

எனக்குப் புரியவில்லை. "யாரு நைனா?"

"நீ அடிச்ச ஆளுதான். நடந்து வரசொல்ல மேல பாத்தானான்னு கேக்குறேன்."

"பாக்கல."

"அதான சொல்றேன். கிரேனுக்கு கீழ வர்றவன் மேல பாத்துகினு தான் வரணும். அவன் மேலயும் தப்பு கீது" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்காக ஒரு பொம்மையிடம் சண்டைக்குப் போகிற மனிதரிடம் நான் என்ன பேசுவது? பாதி வழி அழுதேன், மீதி வழி மூக்கைச் சிந்தினேன்.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், ஸ்ட்ரெச்சர்காரர்களை அடித்ததைத்தான் அவரால் ஏற்கவே முடியவில்லை. "சாவு தூக்க வந்தவங்களயாடி?" என்று அன்று மட்டும் நாலு தடவை கேட்டார். நான் கேம் பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மூன்று நாள் வாசல் பக்கம் போகவில்லை. போனால் யாராவது ஜெயித்தாயா என்று கேட்பார்கள். கோயிலில் மைக் வைத்து அறிவித்த விஷயம் அல்லவா? நைனா மட்டும் வழக்கம்போல ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை இழுக்காத குறையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றேன். ஃபாதர் கருத்துகளை வாசித்தார். ஒரு திருமண நாள். ஒரு சுகப்பிரசவம். அடுத்து, "கிரேன் விபத்தில் இறந்த தொழிலாளர்கள் மூவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுவோர், சவரிமுத்து குடும்பத்தார்."

அம்மா நைனாவைப் பார்த்தார். நைனா பீடத்தைப் பார்த்தார். துறைமுகக்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் நாலைந்து பேர் நைனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். முகத்தில் நிஜமான கலவரம்.

"எப்போ சவரி? எங்களுக்கு ஒண்ணும் தெரியலயே."

"புதன்கெழம. பதினொன்ற மணி" என்றார் நைனா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "ரெண்டு பேரு ஸ்ட்ரெச்சரு தூக்கினு வந்தவங்க."

"அடப்பாவமே. கிரேன்ல யாரு?"

நைனா தூணுக்குப் பின்னால் நின்ற என்னைக் கையால் காட்டினார்.

ஒரு கணம் ஒருவருக்கும் புரியவில்லை. நைனா நடந்ததைச் சொல்லச் சொல்ல, பட்டன் வேலை செய்யவில்லை என்று நான் புகார் சொன்ன இடத்துக்கு வந்தபோது ஒருவர் சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜக் கிரேனில் தன் முதல் நாளன்று கப்பல் கேப்டனின் துணி காயப்போட்ட கொடியைக் கன்டெய்னரோடு சேர்த்துத் தூக்கி லாரியில் அனுப்பிய கதையைச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதற்காகத்தான் நைனா அந்தக் கருத்தைக் கொடுத்தார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "சாமி காரியத்துல வெளாட்டா? இல்லாத ஆளுக்கு பூச வெப்பாங்களா யாருனா?"

நைனா ஃபேனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "வெளாட்டு இல்லமே. நா பாக்கசொல்லவே கிரேனுக்கு கீழ மூணு பேரு செத்து போய்க்கிறாங்க. பூச வீணாவாது. அவுங்களுக்கு போய் சேரும்."

இருபத்தாறு வருடத்தில் அந்த மூன்று பேரைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் மேலே மட்டும் பார்த்தார். நான் தினமும் கிண்டல் செய்தேன். அம்மா சோறு போட்டார். அன்றைக்கு நான் ஃபேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொன்னதில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். அதே காதர் சார், அதே நாற்காலி. மூன்றாவது கன்டெய்னர் பாதியில் தொங்கும்போது அதே ஆரஞ்சுச் சட்டைக்காரன் வந்தான். நிறுத்தினேன். ஹாரன் அடித்தேன். அவன் விலகினான். நான் நகரவில்லை. அவன் திரையை விட்டுப் போனான். அப்போதும் நகரவில்லை. "போய்ட்டான்மா, எடு" என்றார் காதர் சார். "நல்லா போய்ட்டானா சார்?" என்று கேட்டேன். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் இறக்கினேன். தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்துத்தான் தேர்ச்சி கொடுத்தார். நைனா சொன்ன சொல் தவறாமல், நான் வேலையில் சேர்ந்த மறுநாள் ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்.

இப்போது கிரேன் ஏறி நாலு வருடம் ஆகிறது. என் கேபினின் தரை கண்ணாடி. குனிந்தால் கீழே ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நடக்கும்போது அண்ணாந்து பார்க்கும். கூட வேலை செய்பவர்கள் எனக்கு ஹாரன் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான் குழம்புச் சட்டியைத் தூக்கினால் கூட, அம்மா எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொல்கிறார். கேம் பெட்டி இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. நங்கூரனை மறுபடி நல்ல பிள்ளையாகப் படத்தில் மட்டும் பார்க்கிறோம்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை யானைக்கவுனியில் கடை வைத்திருப்பவர், சாது. கல்லறைத் திருநாளுக்கு முதல்முறையாக எங்களோடு வந்தார். எங்கள் குடும்பக் கல்லறையில் மெழுகுத்திரிகளை ஏற்றி முடித்ததும், நைனா வழக்கம்போல ஓரமாகத் தனியே மூன்று திரிகளை ஏற்றினார். அந்த இடத்தில் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, அது யாருக்கு மாமா என்று கேட்டார்.

நைனா காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டு மூன்றாவது திரியைப் பற்றவைத்தார்.

"உம் பொண்டாட்டி கொன்னவங்க மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தலையைத் தூக்கி ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார்.